கூப்பருக்கு ஒரு விளக்கக் குறிப்பு

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் பதினான்காம் பிரிவில் குழப்பத்துக்கு இடமே இல்லை. பெயர் இல்லாமல் பதிவான குழந்தையின் பெயரைப் பெற்றோர் பிறகு பதிவாளரிடம் தெரிவிக்கலாம்; வாய்மொழியாகவோ எழுத்து மூலமாகவோ தெரிவிக்கலாம்; அவர் அதைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும். பன்னிரண்டு மாதங்களுக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. 'வாய்மொழியாகவோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒரு தாய் கைக்குழந்தையோடு போய் நின்று "இவன் பேரு இது" என்று சொன்னால் சட்டத்துக்குப் போதும். சட்டத்துக்குப் போதுமானது எனக்குப் போதவில்லை. என் பேரனுக்காக நான் பதினொரு பக்கம் எழுதிக் கொடுத்தேன்.

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்துக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். இப்போது வீடு சிதம்பரத்தில். ஓய்வு பெற்றவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் காலையில் நடக்கப் போவார்கள். இன்னொரு வகையினர் அடுத்தவர் மனுவைத் திருத்துவார்கள். நான் நடந்து போய்த் திருத்துகிறவன். எங்கள் தெருவில் வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை எதுவானாலும் என் பேனா படாமல் போவதில்லை.

மகளும் மருமகனும் மெல்பர்னில் இருக்கிறார்கள். பிரசவத்துக்கு மகள் இங்கே வந்தாள். தை மாதம், திருவாதிரை நட்சத்திரம் முதல் பாதத்தில் ஆண் குழந்தை பிறந்தது. இந்த ஊரில் திருவாதிரையில் ஒரு பிள்ளை பிறந்தால், ஏதோ சிபாரிசின் பேரில் பிறந்த மாதிரி செவிலியர் முதல் ஆட்டோக்காரர் வரை எல்லாரும் மரியாதை காட்டுவார்கள். மருத்துவமனை வழக்கப்படி பெயர்க் கட்டத்தை வெற்றிடமாக விட்டுப் பிறப்பைப் பதிந்துவிட்டது. பஞ்சாங்கம் பார்த்ததில் பெயர் 'கூ' என்ற எழுத்தில் தொடங்க வேண்டும் என்று வந்தது.

பதினோராம் நாள் பெயர் சூட்டுவதற்காகச் சம்பந்தி வந்தார். அவருக்கு வீடு கடலூரில், முந்திரித் தோப்பு காடாம்புலியூரில், குரல் இரண்டு ஊருக்கும் பொது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பெயரைச் சொல்லிவிட்டார்.

"'கூ'வுல பேருக்கு என்னா பஞ்சம்? கூத்தன். கூத்தபிரான். அம்பலக்கூத்தன்."

"அம்பலக்கூத்தன் 'அ'வுல ஆரம்பிக்குது, சம்பந்தி" என்றேன்.

"இதுக்கும் ரூல் பாப்பீங்களா நீங்க?"

மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "மாமா, அங்க இருக்கறவுங்க வாயில கூத்தன் நுழையாது. நாங்க ஒரு பேரு பாத்து வெச்சிருக்கோம். கூப்பர்."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த என் மனைவி, "பல்லு புடுங்கற டாக்டரு பேராட்டம் இருக்குதே" என்றாள்.

கைபேசியின் திரையில் மருமகன் இருந்தார். "அப்பா, இங்க ரொம்ப ஃபேமஸான பேருப்பா. என் மேனேஜர் பையனுக்கும் இதே பேருதான்."

"அப்ப அந்த மேனேஜரே வந்து புள்ள காதுல சொல்லட்டும்" என்றார் சம்பந்தி. பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க படிச்சவரு. சொல்லுங்க. இந்தப் பேருக்கு அர்த்தம் என்னா?"

எனக்குத் தெரியவில்லை. ஆனால் கண்காணிப்பாளராக இருந்தவன் வாயிலிருந்து 'தெரியாது' என்ற சொல் வராது. "பரிசீலனையில இருக்கு" என்றேன்.

காதில் மூன்று முறை பெயர் சொல்லும் உரிமை தந்தைவழித் தாத்தாவுக்கு. சம்பந்தி குனிந்து, கையால் வாயை மறைத்துக்கொண்டு, கூப்பர் என்று மூன்று முறை சொல்வதற்கு ஆகும் நேரத்தைவிடச் சற்று அதிக நேரம் எடுத்துக்கொண்டார். என்ன சொன்னீர்கள் என்று மகள் கேட்டதற்கு, "அது எனக்கும் அவனுக்கும் உள்ள வெவகாரம்" என்றார்.

பரிசீலனை மறுநாளே தொடங்கியது. பல்கலைக்கழக நூலகத்தில் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார். அவர் தயவில் நான்கு நாட்கள் சொற்பிறப்பு அகராதிகளுக்கு நடுவில் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததில்லை.

மரப் பலகைகளை வளைத்து இரும்பு வளையம் பூட்டி, சொட்டு ஒழுகாமல் பீப்பாய் செய்கிறவருக்கு ஆங்கிலத்தில் கூப்பர் என்று பெயர். தொட்டி என்ற பொருளில் லத்தீனில் இருந்த ஒரு சொல், டச்சுக்காரர்கள் பக்கம் நடந்து இங்கிலாந்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. டச்சுக்காரர்கள் எங்கள் ஊருக்குப் பக்கத்துப் பரங்கிப்பேட்டைக்கும் வந்தவர்கள்தான். நமக்கு அந்தச் சொல்லை விட்டுவிட்டுப் போகவில்லை. நாம் பீப்பாய் என்ற சொல்லைப் போர்த்துக்கீசியரிடமிருந்து எடுத்துக்கொண்டு திருப்தி அடைந்துவிட்டோம். கப்பலில் மீன், உப்பிட்ட இறைச்சி, சாராயம் எல்லாம் பீப்பாயில்தான் போயின. அதனால் ஊருக்கு ஊர் கூப்பர்கள் இருந்தார்கள்.

முதலில் அது அவர் செய்த வேலை. பிறகு பதிவேடு எழுதுகிறவர்களுக்கு ஆளை அடையாளம் காட்ட ஒரு பெயர் தேவைப்பட்டது. வேலையையே குடும்பப் பெயராக எழுதிவிட்டார்கள். மகன் ரொட்டி சுட்டுப் பிழைத்தாலும் அவனும் கூப்பர்தான். எழுதுகிறவனின் சோம்பல் எத்தனை பரம்பரைகளை நிர்ணயித்திருக்கிறது என்று எண்ணும்போது எங்கள் வர்க்கத்தின்மீது எனக்கு மதிப்பு கூடியது. அதன் பிறகு, தாய்வீட்டுக் குடும்பப் பெயர் அழிந்துபோகாமல் இருக்க அதைப் பிள்ளைக்கு முதற்பெயராக வைக்கும் பழக்கம் சில வீடுகளில் வந்தது. கடைசியாக, தாய்வீட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவர்களும் ஒலி பிடித்துப்போய் வைக்க ஆரம்பித்தார்கள். பழைய புனிதர்களின் பெயர்கள் அலுத்துவிட்டன போலிருக்கிறது. இன்று அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கொத்தனார், வண்டிக்காரர், வேட்டைக்காரர், பீப்பாய்க்காரர் எல்லாரும் தொட்டிலில் கிடக்கிறார்கள்.

ஏன் இந்தப் பெயர்களுக்கு இவ்வளவு மவுசு என்று அகராதிகள் சொல்லவில்லை. என் முடிவு இது: ஒரு வேலையைச் செய்கிறவர் கண்ணெதிரே இல்லாமல் போன பிறகுதான் அதன் பெயர் அழகாகத் தெரிகிறது. நம் ஊரில் யாரும் பிள்ளைக்கு மேஸ்திரி என்று பெயர் வைப்பதில்லை. காரணம், நாளைக் காலை எட்டு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராத மேஸ்திரி ஒருவர் எல்லார் வீட்டுக்கும் இருக்கிறார்.

ஏழாம் பக்கம் எழுதும்போது ஒன்று தோன்றியது. கூத்தன் என்றால் கூத்தாடுகிறவன். எங்கள் ஊர்ச் சாமிக்கே அவர் செய்கிற வேலையால்தான் பெயர். சம்பந்தி சொன்ன பெயரும் மருமகன் சொன்ன பெயரும் ஒரே இனம் என்று அறுதியிட்டு எழுதினேன். அந்தப் பக்கத்தை எழுதிய அன்று இரண்டாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

இந்தக் குறிப்பை யாரும் கேட்கவில்லை. ஆனால் நாளைக்கு எவராவது, இது என்ன பெயர், எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோப்பு பதில் சொல்ல வேண்டும் அல்லவா? பெயர் சேர்ப்பதற்கான ஒரு பக்கப் படிவத்தில் மகளிடம் கையெழுத்து வாங்கி, அதன் பின்னால் பதினொரு பக்க விளக்கக் குறிப்பை இணைத்து, பக்க எண் இட்டு, நூல் கோத்து, மாசி முதல் வாரத்தில் பதிவு அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவந்தேன். எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. தவறு அவர்களுடையது அல்ல.

ஆவணியில் மகளுடைய விடுப்பு முடிகிறது. அதற்குள் குழந்தைக்குப் பாஸ்போர்ட் வாங்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்குப் பெயரோடு பிறப்புச் சான்று வேண்டும். பாஸ்போர்ட் வந்த பிறகே விசாவுக்குப் போட முடியும். அதற்குச் சில மாதங்கள் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். மாசி போய்ப் பங்குனி முடியும் நேரமாகியும் சான்று வராததால் அலுவலகத்துக்குப் போனேன்.

அந்தப் பிரிவில் ஓர் இளம்பெண் உதவியாளர். என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார்.

"சார், உங்க குறிப்ப மூணு தடவ படிச்சேன். எங்க வீட்டுக்காரருக்கும் படிச்சுக் காட்டுனேன். அவ்ளோ நல்லா இருந்துச்சு."

பணிக்காலத்தில் யாரும் என்னிடம் இப்படிச் சொன்னதில்லை. "பேரு சேத்தாச்சாம்மா?" என்றேன்.

"அது எப்டி சார் சேக்க முடியும்? நாலாம் பக்கத்துல இது ஒரு தொழிலோட பேருன்னு எழுதியிருக்கீங்க. பேரு கட்டத்துல தொழில எழுதலாம்னு எந்த ரூலும் இல்ல."

"எழுதக் கூடாதுன்னும் இல்லையே."

"அதான் சார், தெளிவுரை கேட்டு மேல அனுப்பிட்டேன். நீங்களே சொல்லியிருக்கீங்களே."

கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். என் கையெழுத்தில் இருந்தது: 'இப்பொருளில் ஐயம் ஏதும் எழுமாயின், மேல் அலுவலகத்தின் தெளிவுரையைப் பெற்று முடிவு செய்யலாம்.'

அதை எழுதிய நினைவே எனக்கு இல்லை. முப்பத்துநான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு வரைவின் அடியிலும் எழுதிய வரி அது. பக்கம் முடிகிற இடம் வந்தால் கை தானாக எழுதிவிடும். அந்த வரி எத்தனை பேரை எத்தனை மாதம் அலைய வைத்தது என்று நான் அதுவரை யோசித்ததில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது.

"ஒத்த பக்கம் ஃபாரத்த மட்டும் குடுத்திருந்தீங்கன்னா அன்னிக்கு சாயங்காலமே முடிஞ்சிருக்கும் சார்" என்றார் அந்தப் பெண். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

வீட்டில் மனைவி ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதினாள். "ஊருக்கெல்லாம் மனு எழுதி வேலைய முடிச்சுக் குடுத்தவரு, சொந்தப் பேரனுக்கு முட்டுக்கட்ட போட்டுட்டு வந்து நிக்கறாரு."

மகள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சுவரிலிருந்த நாள்காட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு விரலால் மாதங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். ஆவணியில் விரல் நின்றது. "வேலைய விட முடியாதுப்பா. வீட்டுக் கடன் இருக்கு. அப்ப நான் மட்டும் போவணுமா? இவன உட்டுட்டா?"

அடுத்த நாள் காலையில் கடலூர்ப் பேருந்தில் ஏறினேன். மேல் அலுவலகத்தில் என் காலத்து ஆட்கள் யாரும் இல்லை. ஆனால் கோப்பைப் பார்த்த அதிகாரி என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"நீங்கதானா சார் அது! நல்ல பாயிண்ட்டு. நாங்க இங்க முடிவு பண்ணா சரியா வராதுன்னு சென்னைக்கு எழுதிட்டோம்."

"எப்ப பதில் வரும்?"

"வரும் சார்." கண்காணிப்பாளர்கள் பேசும் மொழி எனக்குப் புரியும். வராது என்று அர்த்தம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "உங்க குறிப்புல ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். எங்க தங்கச்சி பொண்ணு, அவ குழந்தைக்கு டெய்லர்னு வெக்கணும்னு நிக்கறா. பொம்பளப் புள்ளைக்கு வெக்கலாமா சார்?"

"தாராளமா வெக்கலாம். குறிப்பு மட்டும் எழுதிராதீங்க" என்றேன்.

அங்கிருந்து, கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் இருக்கும் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். வாசலில் அவர் வியாபாரத்துக்கு வாங்கிய முந்திரி மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. நடந்ததைச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

"ஆண்டவனாப் பாத்துக் குடுத்த வழி சம்பந்தி. கூப்பர தூக்கிப் போடுங்க. கூத்தன்னு எழுதுங்க. எவன் கேள்வி கேப்பான்?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. ஏழாம் பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். கூத்தனும் தொழிற்பெயர் என்று ஆதாரத்தோடு எழுதியிருப்பதால், அதற்கும் இதே தெளிவுரை வந்தாக வேண்டும்.

சம்பந்தியின் முகத்துப் பிரகாசம் அணைந்தது. "எங்க சாமி பேரையும் சேத்து மாட்டி உட்டுட்டீங்களா?"

"ஆராய்ச்சின்னா நாலு பக்கமும் பாக்கணும்" என்றேன்.

"நல்லாப் பாத்தீங்க போங்க."

உள்ளேயிருந்து காபி வந்தது. அவர் ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, கை விட்டு நாலு முந்திரிக்கொட்டையை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். ஈரம். மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளினார். "இத வண்டியிலயே ஏத்து, திருப்பி அனுப்பு" என்று ஆளிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "பாருங்க, நூறு மூட்டையில ஒண்ணு ஈரமா இருந்தா அந்த ஒண்ண திருப்பிடுவோம். மொத்த லோடையும் நிறுத்தி வெச்சா யாவாரம் நடக்குமா? ஃபாரம் சரியா இருக்குதுல்ல? அந்தப் பதினோரு பக்கத்த மட்டும் திருப்பி வாங்கிக்குங்க."

"கொடுத்த குறிப்பைத் திரும்பப் பெறும் வழக்கம் கிடையாது."

"யாருக்குக் கெடையாது? ஆபீசுக்கா, உங்களுக்கா?"

திரும்பும் வழியில் வெள்ளாற்றுப் பாலம் வரும் வரைக்கும் அந்தக் கேள்விக்கு விதி தேடிக்கொண்டிருந்தேன். மனுதாரர் தன் இணைப்பை விலக்கிக்கொள்ளக் கூடாது என்று எங்கும் இல்லை. எனக்குத்தான் வழக்கமில்லை. பணிக்காலத்தில் நான் எழுதிய ஒரு குறிப்பையும் வாபஸ் வாங்கியதில்லை. தவறானவற்றையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இந்தக் குறிப்பிலோ தவறே கிடையாது. நான் எழுதியவற்றிலேயே சிறந்தது அது. தவறானதைத் திரும்பப் பெறுவது சுலபம். சரியாக இருப்பதைத் திரும்பப் பெறத்தான் கை வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் குழந்தையின் சிறு துணிகளைப் பெட்டியில் அடுக்கியிருந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து எழுதினேன். பொருள், பார்வை எல்லாம் போக, சாரம் ஒரே வரி: 'பார்வையில் காணும் மனுவுடன் இணைத்த விளக்கக் குறிப்பை விலக்கிக்கொள்கிறேன்.' அதன் கீழே கை தானாக இன்னொரு வரிக்குப் போனது. பேனாவை மூடிவிட்டேன்.

சித்திரை பிறந்த அடுத்த வாரம் மகள், குழந்தை, நான் மூவரும் போனோம். உதவியாளர் என் கடிதத்தைப் படித்தார். குறிப்பு இல்லையென்றால் கேள்வி இல்லை. கேள்வி இல்லையென்றால் தெளிவுரை தேவையில்லை. இதை அவரே சொன்னார்.

"மேல போனது?" என்றேன்.

"அது பாட்டுக்குப் போவட்டும் சார். இனிமே அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல." பிறகு மகளைப் பார்த்தார். "புள்ள பேரு சொல்லுங்கக்கா."

"கூப்பர்."

"இங்லீஷ்ல எழுத்து சொல்லுங்க."

மகள் சொல்லச் சொல்ல அவர் தட்டினார். தூங்கிக்கொண்டிருந்த குழந்தைக்கு விழிப்பு வரவில்லை, அவ்வளவுதான் நேரம். சான்றிதழ் அச்சாகி வெளியே வந்ததும், உதவியாளர் மேசை இழுப்பறையைத் திறந்து, நூல் கோத்த பதினொரு பக்கங்களையும் எடுத்து இரண்டு கைகளாலும் என்னிடம் கொடுத்தார். "ஜெராக்ஸ் ஒண்ணு எனக்குன்னு வெச்சிக்கிட்டேன் சார். தப்பா நெனைக்காதீங்க."

வைகாசியில் பாஸ்போர்ட் வந்தது; ஆடிக் கடைசியில் விசாவும் வந்தது. ஆவணியில், விடுப்பு முடிய ஆறு நாட்கள் இருக்கும்போது, மகளும் குழந்தையும் ஒன்றாக விமானம் ஏறினார்கள். அதற்கு அடுத்த மாதம் குழந்தைகள் காப்பகத்தில் சேர்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைத்தாள். சம்பந்தியும் அன்று எங்கள் வீட்டில் இருந்தார்.

"இவன் ரூம்லயே இவனோட சேத்து மூணு கூப்பர்ப்பா" என்று சிரித்தாள்.

"நான் சொன்ன பேர வெச்சிருந்தா அந்தக் கண்டத்துக்கே ஒருத்தன்" என்றார் சம்பந்தி. அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை.

அதற்கும் பிறகு சென்னையிலிருந்து ஒரு பழுப்பு உறை என் முகவரிக்கு வந்தது. மூன்று பத்திகள். தொழிலைக் குறிக்கும் சொல்லானாலும் பெற்றோர் பெயராகத் தெரிவித்தால் அது பெயராகவே கொள்ளப்படும். பெயரின் பொருளை ஆராய்வது பதிவாளரின் வேலை அல்ல. மனுதாரரின் விளக்கக் குறிப்பு பயனுள்ளதாக இருந்தமையால் அதன் நகல் கோப்பில் வைத்துக்கொள்ளப்படுகிறது. மூன்றாம் பத்தியை மனைவிக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவள் முதல் முறையே கேட்டுவிட்டதாகச் சொன்னாள். பேரன் அங்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. பேனாவை எடுத்துக் கடிதத்தின் வலது மேல் மூலையில் பெறப்பட்ட நாளைக் குறித்து வைத்தேன்: கார்த்திகை மாதம், இரண்டாம் திங்கட்கிழமை.